நகையும் தன்னறிவும்: தோட்டப்புறச் சுவைஞர் நோக்கில் ‘பாமா விஜயம்’

நகைச்சுவைக்குத் தமிழில் இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்துங்கால் நகையையே அவர் முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகும். இவற்றுள் எள்ளலுக்கு விளக்கம் கூறப் புகுந்த உரையாசிரியர் பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுத்தார். ஒருவன் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. முன்னது எவர்க்கும் எளிது. பின்னதற்கோ தன் குறையைத் தானே காணும் துணிவு வேண்டும். நகைச்சுவைப் படைப்பொன்று தன் சுவைஞரை முதல்வகை நகையிலேயே நிறுத்திவிடுகிறதா, இரண்டாம்வகை நகைக்கும் அழைத்துச் செல்கிறதா என்பதே அதன் தரத்தை அளக்கும் கோல் எனலாம்.

இக்கோலால் அளந்து பார்க்கத்தக்க குடும்ப நகைச்சுவைப் படங்களுள் ஒன்று, கே. பாலசந்தர் எழுதி இயக்கி 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாமா விஜயம்’. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் மூத்த தலைமுறையினர் அதனை மறக்கவில்லை. வரவையும் செலவையும் ஒப்பிட்டுக் கண்ணதாசன் அப்படத்திற்கு எழுதிய பாடல் பழமொழிபோலவே வழங்குகிறது. ஆயினும், அளவறிந்து செலவு செய்க என்னும் ஒற்றை அறிவுரையாகவே அப்படம் பெரும்பாலும் சுருக்கிக் கூறப்படுகிறது. அச்சுருக்கம் படத்திற்கும் நியாயம் செய்வதன்று. அதனைக் கண்டு சிரித்த மக்களுக்கும் நியாயம் செய்வதன்று. கோல சிலாங்கூரிலும் அதற்கு வடக்கே கிடந்த தோட்டங்களிலும் நம்மவர் வாழ்ந்த வாழ்வை அருகில் வைத்து நோக்கினால், அப்படத்தின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும்.

மூன்று மருமக்களும் ஒரு நடிகையும்

கதை எளியது. எதிராஜ் என்னும் முதியவர் தம் மூன்று மகன்களோடும் மருமக்களோடும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்கிறார். மகன்களின் பெயர் மகேஸ்வரன், ராமன், கிருஷ்ணன். மருமக்களின் பெயர் பார்வதி, சீதா, ருக்மணி. எதிராஜாக டி. எஸ். பாலையாவும், மகன்களாக மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் ஆகியோரும், மருமக்களாகச் சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி ஆகியோரும் நடித்தனர். அடுத்த வீட்டுக்குப் பாமா என்னும் திரைப்பட நடிகை குடிவருகிறாள். ராஜஸ்ரீ ஏற்ற வேடம் இது. அவளுடைய நட்பைப் பெறவும், அவள் கண்ணில் உயர்ந்தவர்களாகத் தோன்றவும் மருமக்கள் மூவரும் போட்டியிடுகின்றனர். வீட்டில் புதுப்பொருள்கள் நிறைகின்றன; கடனும் நிறைகிறது. பின்னர் நடிகையையும் அவ்வீட்டு ஆடவரையும் இணைத்து ஓர் ஐயம் எழ, குடும்பத்தின் அமைதி குலைகிறது. தாம் யார், தம் நிலை யாது என்பதை அனைவரும் உணர்ந்த பின்னரே வீடு மீண்டும் வீடாகிறது.

பெயர்ப் பொருத்தத்தில் இயக்குநர் வைத்த குறிப்பைத் தமிழாசிரியர்கள் எளிதில் கண்டுகொள்வர். கணவன் மனைவியர் மூவரும் தெய்வ இணைகளின் பெயர் தாங்கியவர்கள். அவ்விணைகளுக்கு நடுவே பாமா என்ற பெயருடையாள் வந்தவுடன், கண்ணனின் தேவியரான ருக்மணிக்கும் சத்தியபாமைக்கும் இடையே இருந்த புலவி நினைவுக்கு வருகிறது. ‘பாமா விஜயம்’ என்ற தலைப்பே 1934-ஆம் ஆண்டில், ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்த புராணப் படம் ஒன்றுக்கு இடப்பெற்றிருந்தது. துலாபாரக் கதையில் சத்தியபாமை தன் அணிகலன்கள் அனைத்தையும் தட்டில் குவித்தும் கண்ணனின் எடைக்கு ஈடு செய்ய இயலவில்லை. ருக்மணி இட்ட துளசி இலை ஒன்றே தட்டைச் சமன் செய்தது. கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் இக்கதையைக் கேட்டுப் பழகிய மக்கள், செருக்குடைய பாமை ஒருத்தியைத் திரையில் எதிர்பார்ப்பது இயல்பு.

பாலசந்தர் அவ்வெதிர்பார்ப்பைத் திருப்பிவிடுகிறார். இப்படத்துப் பாமாவிடம் செருக்கு இல்லை. செருக்கும் தாழ்வுணர்ச்சியும் அவளைக் கண்டவர்களின் உள்ளத்தில் இருக்கின்றன. பொருள்களைத் தட்டில் குவிக்கும் பாமை அடுத்த வீட்டில் இல்லை. தன் வீட்டுக்குள்ளேயே மூவராக நிற்கிறாள். ருக்மணி என்ற பெயருடையாளே பாமையின் செயலைச் செய்கிறாள். படத்தின் நகைச்சுவை முழுவதும் இத்தலைகீழ் மாற்றத்திலிருந்தே பிறக்கிறது.

இன்னும் கூர்ந்து நோக்கினால், மருமக்களின் போட்டி உண்மையில் நடிகையோடு நிகழ்வதன்று என்பது தெளிவாகும். ஒரு திரைநட்சத்திரத்தோடு செல்வத்தில் சமமாக முடியும் என்று அவர்களுள் எவரும் நம்பவில்லை. ஒருத்தி முந்திவிடக்கூடாதே என்று மற்றவள் முந்துகிறாள். அவளைக் கண்டு மூன்றாமவள் முந்துகிறாள். பாமா ஓர் ஏது மட்டுமே. பொறாமை தொலைவில் உள்ள செல்வரிடம் செல்வதில்லை. பக்கத்தில் உள்ள ஒத்த நிலையினரிடமே செல்கிறது. இவ்வுண்மையை மேடைப்பேச்சு இன்றி, நிகழ்ச்சிகளின் ஓட்டத்தாலேயே உணர்த்தியது படத்தின் தலையாய வெற்றி.

லயத்துச் சுவரும் அண்டை வீடும்

இவ்வுண்மை தோட்டப்புற மக்களுக்குப் புதியதன்று. கோல சிலாங்கூர் வட்டாரம் தோட்டத்தொழிலின் தொட்டில்களுள் ஒன்று. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கிற்று. அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே ஓர் எழுத்தாளருமாவார். மலாயாத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட அவருடைய ‘மலேசி’ என்னும் நாவல் 1930-ஆம் ஆண்டின் கோன்கூர்ப் பரிசைப் பெற்றது. அந்நாவலிலும் தமிழ்த் தொழிலாளர் உண்டு; ஆனால், அவர்கள் துரையின் கண்ணால் காணப்பட்டவர்கள். பிறர் கண்ணாலேயே நெடுங்காலம் பார்க்கப்பட்டு வந்த ஒரு சமுதாயம், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பைக் கூத்திலும் நாடகத்திலும் திரையிலுமே பெற்றது. ஆதலால் தோட்டப்புறத்தில் திரைப்படத்தைச் சுவைத்தலை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் பாயும் சாக்கும் விரித்து அமர்ந்தவர்கள், ஒரே வரிசையில் குடியிருந்த அண்டை அயலார். லயத்தில் ஒரு வீட்டுக்கும் மறுவீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு சுவர். ஒரு வீட்டில் வாங்கிய புதுப்பொருளை மறுவீட்டார் அறிய ஒரு பொழுது வேண்டியதில்லை; ஒரு வீட்டில் எழுந்த சச்சரவு மறுவீட்டாரின் காதுக்குத் தப்பியதுமில்லை. அனைவரும் ஒரே பெரட்டில் நின்றனர். ஏறக்குறைய ஒரே கூலி பெற்றனர். இத்தகைய ஒத்த நிலையில் ஒரு வானொலிப் பெட்டியோ தையல் இயந்திரமோ ஒரு வீட்டை மற்றவற்றினின்று பிரித்துக் காட்டப் போதுமானது. திரையில் மூன்று மருமக்கள் முந்தி ஓடியபோது, அப்பந்தயத்தின் விதிகளை அங்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

காலமும் பொருந்தி வந்தது. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 28.12.1963 அன்று தொடங்கிற்று. படம் வெளிவந்த அதே 1967-ஆம் ஆண்டில்தான் இந்நாட்டின் தவணைக் கொள்முதல் சட்டமும் இயற்றப்பெற்றது. முன்பு கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் அரிசிக்கும் பருப்பிற்கும் எழுதப்பட்ட கடன், மெல்ல மெல்ல மிதிவண்டிக்கும் அலமாரிக்கும் பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் விரிந்தது. மின்வசதி முழுமையாக எட்டாத லயங்களில் உந்துவண்டி மின்கலத்தைக் கொண்டு தொலைக்காட்சியை இயக்கியவர்களும் உண்டு. ஒரு வீட்டில் பெட்டி ஒளிர, பல வீட்டுப் பிள்ளைகள் வாயிலில் நின்று பார்த்தனர். அவ்வீடு அன்று அந்த லயத்தின் ‘பாமா வீடு’ ஆயிற்று எனின் மிகையன்று.

இந்நிலையில் பிறக்கும் நகை இருபடியினது. முதலில் சுவைஞர் மருமக்களைப் பார்த்து நகுகின்றனர். அது பேதைமை கண்டு பிறந்த நகை. அடுத்து, பக்கத்தில் அமர்ந்திருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்து, இது இன்னார் வீட்டுக் கதையன்றோ என நகுகின்றனர். அது பிறரை எள்ளிய நகை. ஆனால், அப்பக்கத்து வீட்டாரும் அதே நொடியில் தம்மைப் பார்த்தே நகுகின்றனர் என்று உணரும்போது நகை திரும்பிவந்து தன்மேலேயே விழுகிறது. பேராசிரியர் கூறிய இரண்டாம் எள்ளல் பிறக்கும் இடம் இதுவே. தனித்திருந்து காண்போர்க்கு எளிதில் எட்டாத இப்பயன், அண்டை அயலார் கூடியிருந்து கண்ட திடலில் இயல்பாகவே விளையக்கூடியது. ஆதலின் படம் பாதி உணர்த்த, சுவைஞர் கூட்டம் மீதியை உணர்த்திக்கொண்டது எனல் தகும்.

ஐயமும் மடனும்

படத்தின் பின்பகுதி மேலும் நுட்பமானது. ஐயம் எழுந்ததும், அதுவரை பொருளில் போட்டியிட்ட பெண்கள் அச்சத்தில் ஒன்றுபடுகின்றனர். நேற்றுவரை பாமாவின் நட்பால் பெருமை கொண்டவர்களுக்கு இன்று அந்நட்பே சுமையாகிறது. பிறர் கூறியதை மெய்யெனக் கொண்டு, கொண்டதை விடாது பற்றி நிற்றலைத்தான் மடன் என்றனர் முன்னோர். நடிகை என்றால் உயர்ந்தவள் என்று முன்பு கொண்டதும் மடன்; நடிகை என்றால் ஒழுக்கம் குறைந்தவள் என்று இப்போது கொள்வதும் மடன். பாமாவை ஒரு மனுஷியாகப் பார்க்க அவ்விரு நிலையிலும் அவர்களால் இயலவில்லை. தன்னை அறியாதவர் பிறரையும் அறியார் என்னும் உண்மை இங்கே நிலைநாட்டப்படுகிறது.

இவ்விடத்தில் மோலியேரின் நாடகம் ஒன்றை ஒப்புநோக்கலாம். 1670-ஆம் ஆண்டில் அவர் அரங்கேற்றிய நகைச்சுவை நாடகத்தில், ஜூர்தேன் என்னும் வணிகர் பெருங்குடிப் பிரபுவாகத் தோன்ற விரும்பி இசையும் வாட்போரும் மெய்யியலும் பயில முற்பட்டு ஏமாறுகிறார். நாடகம் முடியும்போதும் அவர் தம் மயக்கத்திலிருந்து விழிப்பதில்லை. பார்வையாளர் மட்டும் அறிவு பெறுகின்றனர். பாலசந்தரோ பாத்திரங்களையும் விழிக்கச் செய்கிறார். குடும்பத்தை இழந்துவிட்டுச் சிரிக்கத் தமிழ்ச் சுவைஞர் விரும்புவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயின், அவ்விழிப்பு சற்று விரைந்தே வந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

படம் காணாது விட்டவை

குறைகள் இரண்டு உள. முதலாவது, ஆடம்பரத்தின் பழி பெண்கள்மேலேயே சுமத்தப்படுகிறது. கடனுக்கு இசைந்த கணவன்மாரின் பொறுப்பு அவ்வளவு அழுத்தமாகப் பேசப்படவில்லை. இங்கே தோட்டப்புறச் சுவைஞரின் வாழ்வு படத்தினும் முன்னே நிற்கிறது. தோட்டத்துப் பெண் விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, ஆடவனுக்கு நிகராக மரம் சீவியவள். தன் உழைப்பின் வரவை அறிந்தவள், செலவையும் அறிந்தவள். வரவு செலவுக் கணக்கை அவளுக்குக் கற்பிக்கத் திரைப்படம் வேண்டியதில்லை. சம்பளநாளில் கள்ளுக்கடைக்குச் சென்ற பணத்தின் கணக்கும் அவளுக்குத் தெரியும்.

அவ்வுழைக்கும் பெண்ணின் நிலையிலிருந்து நோக்கும்போது, படம் வெளிப்படையாகக் கூறாத ஓர் உண்மை தோன்றுகிறது. திரையில் வரும் மருமக்கள் மூவர்க்கும் சொந்த வரவு இல்லை. மதிப்புப் பெற அவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே வாயில் செலவு. பொருள் ஈட்டித் தன்னை நிலைநாட்ட இயலாதவள் பொருள் வாங்கித் தன்னை நிலைநாட்ட முயல்கிறாள். இதனை உணர்ந்தால் அவர்கள்பால் எள்ளல் குறையும், இரக்கம் மிகும். இயக்குநர் இவ்வாயிலைத் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது குறை, தவணையையும் கடனையும் ஆடம்பரத்தின் பெயராக மட்டுமே படம் கருதுவது. தோட்டப்புற வரலாறு வேறொன்றையும் கூறுகிறது. 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் பிழைப்பிழந்து தவித்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பணம் செலுத்தி அதன் பங்குதாரர் ஆயினர். ‘கூட்டு’ எனப்பட்ட சீட்டுப் பிடித்துப் பிள்ளைகளின் படிப்பிற்கும் மகளின் திருமணத்திற்கும் வழி தேடினர். அங்கும் தவணை இருந்தது. ஆனால், அது நாளைய வாழ்வை நோக்கிய தவணை. செலவைக் குறைத்தல் ஒன்றே தன்னறிவு ஆகிவிடாது. எதற்காகச் செலவிடுகிறோம் என்று உணர்தலே தன்னறிவு. வள்ளுவரும் வரவு சிறிதாயினும் செலவு பெருகாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தைச் சிக்கனம் பற்றிய தனி அதிகாரத்தில் வைக்காமல், ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தமை இங்கே சிந்திக்கத்தக்கது. தன் வலிமையின் எல்லையைத் தான் உணர்வதன் ஒரு கூறாகவே அவர் செலவைக் கருதினார்.

ஒரு கோடும் ஒரு பிரிவும்

‘பாமா விஜயம்’ வெளிவந்து 19 ஆண்டுகளுக்குப் பின், 1986-இல் விசு இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’ வெளிவந்தது. நல்லின்பம் பயக்கும் சிறந்த மக்கட்படத்திற்கான இந்திய தேசிய விருதைப் பெற்ற படம் அது. அதற்குள் திடற்காட்சியின் இடத்தை வீடியோ நாடா பிடித்துக்கொண்டது. இவ்விரு படங்களையும் சேர்த்து நோக்கினால், குடும்ப நகைச்சுவையில் தன்னறிவு என்னும் பொருள் எவ்வாறு வளர்ந்தது என்பது விளங்கும்.

முன்னதில் குடும்பத்தைக் கெடுப்பது கணக்கின்மை; பின்னதில் கெடுப்பது கணக்கு. வருவாய் மிகுந்த மூத்தமகன் சிதம்பரம் காசுக்குக் காசு கணக்குப் பார்க்க, தந்தை அம்மையப்ப முதலியாருக்கும் அவனுக்கும் பகை முற்றி, வீட்டின் நடுவே கோடு கிழிக்கப்படுகிறது. மூத்த மருமகள் உமா தன் அறிவுத்திறத்தால் அனைவரையும் மீண்டும் இணைக்கிறாள். இணைத்தவளே, இனி ஒரே கூரையின்கீழ் வாழ்தல் வேண்டா. தனித்து வாழ்ந்து அன்போடு வந்து போவோம் என முடிவு கூறுகிறாள். தன்னை அறிதல் என்பது தவற்றை ஒப்புக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புதல் மட்டுமன்று. தன் பொறுமையின் எல்லையையும் அறிந்து அதற்கேற்ப வாழ்வை வகுத்துக்கொள்ளுதல் என்பதை லட்சுமி ஏற்ற அப்பாத்திரம் உணர்த்துகிறது. இங்கே நகையின் இறுதியில் சற்று வலியும் எஞ்சுகிறது. ‘பாமா விஜயம்’ கொடுக்காத வலி அது.

வட சிலாங்கூர் மக்களுக்கு அம்முடிவு வேறொரு பொருளையும் தந்திருத்தல் கூடும். 1980-களிலும் 1990-களிலும் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. தோட்ட நிலங்கள் பல வீடமைப்புக்கும் தொழிலுக்கும் மாறின. குடும்பங்கள் ரவாங், சுங்கை பூலோ, கிள்ளான் என்று சிதறின. உமா தேர்ந்து எடுத்த பிரிவை இவர்கள் தேராமலே பெற்றனர். உறவு கெடாதிருக்கப் பிரிந்தவள் உமா. பிரிந்த பின் உறவைக் காக்கப் போராடியவர்கள் இவர்கள். ஒரே காட்சியைக் கண்டு ஓரிடத்தார் சிரிக்க, மற்றோரிடத்தார் கண்கலங்குவதற்குக் காரணம் சுவைஞரின் வாழ்வே.

வகுப்பறைக்குச் செல்ல வேண்டுவது

நகைச்சுவைப் படைப்புகளைத் திறனாயும் மாணவர், ‘இதனால் அறியப்படும் நீதி யாது?’ என்ற வினாவோடு நின்றுவிடுகின்றனர். விடையும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. யாரைக் கண்டு சிரித்தோம், எப்போது அச்சிரிப்பு நம்மேல் திரும்பியது, படைப்பாளர் யார்மேல் பழியை ஏற்றினார், யாரைத் தப்பவிட்டார் என்னும் வினாக்களை எழுப்பினால், தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் தேர்வுக்கு மட்டும் படிக்கும் பாடமாக இராது. எதிராஜின் வீட்டையும், தாத்தா பாட்டியர் வாழ்ந்த லயத்து வீட்டையும், இன்று தவணையில் வாங்கும் கைப்பேசியையும் ஒரே வினாவின்கீழ் வைத்துச் சிந்திக்க மாணவர் பழகுவர்.

பத்தாங் பெர்ஜுந்தை 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. லயங்கள் பல இன்று இல்லை. ஆயினும் அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் இன்னும் நிற்கிறது. அப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் அண்டைவீடு இன்று கைக்குள் அடங்கும் திரைக்குள் வந்துவிட்டது. அத்திரையில் நாளொரு பாமா குடிவருகிறாள். அவளைக் கண்டு மயங்குவோரும் மிகுகின்றனர். ஆனால், ஒருவர் மயக்கத்தை மற்றவர் கண்டு, இருவரும் சேர்ந்து சிரித்துத் தெளிந்த அந்தத் திடல் இல்லை. அத்திடல் செய்த பணியை இனி வகுப்பறைதான் செய்ய வேண்டும். பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தையும் காண வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. கண்டபின் சிரிக்கவும் கூடுமாயின், நகைச்சுவை தன் பயனை நிறைவாகத் தந்ததாகும்.